தொட்டியில் சிவப்புப் பாசியா? மருந்துக்கடைப் பக்கம் போகாதீர்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் சூடான பதிவு. மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். மீன் தொட்டியே இல்லாதவர்களும் படிக்கலாம். விஷயம் கடைசியில் உங்கள் வீட்டு மருந்து டப்பா வரைக்கும் வரப்போகிறது.

மாதத்துக்கு இரண்டு மூன்று போனாவது இப்படி வருகிறது. "சார், நம்ம மரைன் டேங்க்ல மணல் மேல செவப்பா, ஜவ்வு மாதிரி படருது. கடைக்காரர் எரித்ரோமைசின் போடச் சொல்றார். மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துட்டேன். எத்தனை மாத்திரையைப் பொடி பண்ணிப் போடணும்?"

கேட்பவர்கள் எல்லாம் படித்தவர்கள். பெரிய கம்பெனியில் வேலை, டோம்பிவிலியிலோ நெருலிலோ சொந்த ஃப்ளாட், பிள்ளைக்கு ஜுரம் என்றால் நல்ல டாக்டராகத் தேடிப் போகிறவர்கள். ஆனால் தொட்டி என்று வந்துவிட்டால் டாக்டர், சீட்டு எல்லாம் தேவையில்லை. கடைக்காரர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் கொடுத்தார், தண்ணீரில் கரைத்தாயிற்று.

எத்தனை மாத்திரை என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். பூஜ்யம். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புதியவர்களுக்குச் சுருக்கமாக ஓர் அறிமுகம். மரைன் டேங்க் என்பது கோல்டு ஃபிஷ் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர். கடலின் ஒரு துண்டை வரவேற்பறையில் கொண்டு வந்து வைக்கும் ஆசை. அறுநூறு சதுர அடி ஃப்ளாட்டில், நாய் என்ற வார்த்தையைக் கேட்டாலே சொசைட்டி செக்ரட்டரி முகம் சுளிக்கும் ஊரில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். என்னுடையது மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 190 லிட்டர். பிராஞ்சில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பை முடித்துக்கொண்டு ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பினால், அந்த நீல விளக்கின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். தங்கமணிகூட இப்போது அதன் கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பதில்லை. :-)

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பவளம் என்றால் எதை வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி இவையெல்லாம் 2001-லிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மும்பை கோஸ்டல் ரோடு போடும்போது, 2020-ல் கரையோரப் பவளங்களை இடம் மாற்ற மாநகராட்சியே வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. செத்த பவளக் கல்லை அலங்காரத்துக்கு வாங்குவதும் சட்டப்படி தவறுதான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் என்ன ஆனது? அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்கடியில் போயே போய்விட்டன. என் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறை, சில மென்பவளங்கள், பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள். கோமாளி மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் நுட்பம் நம் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலேயே கைவந்த ஒன்று. கடலிலிருந்து பிடித்து வந்த மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க அவசியமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மணல் மேல் சிவப்பு ஜவ்வாகப் படர்கிறதே, அது பாசியே இல்லை. ஹாபிக்காரர்கள் "சயனோ" என்கிறோம். சயனோபாக்டீரியா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீலப்பச்சைப் பாசி என்று படித்திருப்பீர்கள். பெயர் நீலப்பச்சை, தொட்டியில் தெரியும் நிறம் சிவப்பு, குலமோ பாக்டீரியா குலம்! ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி தூக்கலாக இருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. செடியைப் போல வெளிச்சத்தில் சமைத்துச் சாப்பிடும் பாக்டீரியா அது.

இதை ஏதோ அழுக்கு, நோய், கிருமி என்று நினைப்பதில்தான் முதல் கோளாறே தொடங்குகிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததற்குக் காரணமே இந்தக் கூட்டம்தான். நீங்களும் நானும் இன்று மூச்சு விடுவது இவர்கள் போட்ட டெபாசிட்டின் வட்டியில். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வயலில் விடும் அசோலா தெரியும். அந்த அசோலா இலைக்குள் குடியிருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உரமாகக் கொடுப்பது ஒரு சயனோபாக்டீரியாதான். மருந்துக்கடையில் டப்பா போட்டு விற்கும் ஸ்பைருலினாவும் இதே குடும்பம். நவி மும்பைக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தோடு தானே க்ரீக் பக்கம் பூநாரை பார்க்கப் போகிறார்களே, அதில் சின்னப் பூநாரை இருக்கிறதல்லவா, அதன் பிரதான ஆகாரமே இந்த வகை நுண்ணுயிர்கள்தான்.

ஆக, இதை உலகத்திலிருந்து ஒழிக்க முடியாது. உங்கள் தொட்டியிலிருந்தும் ஒழிக்க முடியாது. எந்தத் தொட்டியிலும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். கேள்வி, இருக்கிறதா இல்லையா என்பதல்ல. ஏன் திடீரென்று அது மட்டும் இப்படிக் கொழுத்தது என்பதுதான்.

நான் பி.காம். படித்தவன். உயிரியலை ஹாபிக்காகப் பிற்பாடு படித்துக்கொண்டேன். ஆனால் இந்த ஏன் என்ற கேள்விக்கு வரவு செலவு தெரிந்தாலே போதும். தொட்டிக்குள் வருவது என்ன? தினமும் போடும் தீனி, ஊற்றும் தண்ணீர், மணலிலும் பாறையிலும் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் பாஸ்பேட். வெளியே போவது என்ன? புரோட்டீன் ஸ்கிம்மர் எடுக்கும் கசடு, வாராவாரம் மாற்றும் தண்ணீர், சுரண்டி எடுக்கும் பாசி. வரவு அதிகம், செலவு குறைவு என்றால் மிச்சம் எங்கே போகும்? யாராவது ஒருவர் அதை எடுத்துத் தின்னத்தான் செய்வார். அந்த யாரோ ஒருவர்தான் சயனோ.

தண்ணீர் நன்றாக ஓடாத மூலை, கசடு தங்கும் மணல், பாறையின் பின்பக்கம், வயசான விளக்கு, ஊறவைத்த ஐஸ் தீனியின் சாற்றை வடிகட்டாமல் அப்படியே ஊற்றுவது, ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவது. காரணப் பட்டியல் இவ்வளவுதான். இதில் எங்காவது "எரித்ரோமைசின் குறைபாடு" என்று ஒரு நோய் இருக்கிறதா? இல்லை. அப்புறம் எதற்கு எரித்ரோமைசின்?

இன்னொரு வேடிக்கை. "சார், டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், பாஸ்பேட் ஜீரோ, நைட்ரேட் ஜீரோ, ஆனாலும் சயனோ வருதே" என்பார்கள். ஐயா, தண்ணீரில் ஜீரோ காட்டுகிறது என்றால் தொட்டியில் இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்த ஜவ்வே எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறது. கல்லாப்பெட்டி காலியாக இருப்பதால் கடையில் வியாபாரமே இல்லை என்று சொல்வீர்களா? மேலும் சில சயனோ வகைகள் காற்றின் நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டை அடியோடு துடைத்துவிட்டால் மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும், அந்த வகைகள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். "எல்லாமே பூஜ்யம்" என்பது சுத்தத்தின் அடையாளம் இல்லை.

இப்போது மருந்தைப் போட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லவே மாட்டேன். வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாளில் மணல் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் செத்த ஜவ்வு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. தொட்டிக்குள்ளேயே அழுகுகிறது. அழுகும்போது ஆக்சிஜனைத் தின்கிறது. சேர்த்து வைத்திருந்த பாஸ்பேட்டைத் தண்ணீரில் திரும்ப விடுகிறது. மருந்து போட்டால் ஸ்கிம்மர் பொங்கி வழிகிறது என்று அதையும் அணைத்துவிடுவார்கள். காற்றைக் கலக்கும் ஒரே இயந்திரமும் போச்சு. தொட்டியில் கழிவைச் சுத்திகரிக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் அடி விழும் ஆபத்து இருக்கிறது. மாத்திரைக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்க்கத் தெரியாது.

முலுந்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. ஏப்ரல் மாசப் புழுக்கம். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடைக்காரர் சொன்னபடி சாயங்காலம் மருந்தைப் போட்டு, ஸ்கிம்மரை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் ஆறு மீனில் நாலு மல்லாந்து மிதக்கிறது. மிச்சம் இரண்டு மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. அவருடைய பெண் நாலாம் வகுப்பு. மீன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். அன்றைக்கு ஸ்கூலுக்குப் போகவில்லையாம். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "டோஸ் ஜாஸ்தி ஆயிருக்கும் பாய்சாப், புது மீன் வந்திருக்கு, பாருங்க." எப்படி இருக்கிறது!

மீன் பிழைத்தாலும் கதை முடிவதில்லை. காரணத்தைத் தொடவில்லை அல்லவா? மாசம் ஒன்றோ இரண்டோ போனால் சயனோ திரும்ப வரும். இல்லையென்றால் காலியான இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்பு நிறச் சளி வந்து உட்காரும். அதற்கு முன்னால் சயனோ எவ்வளவோ மேல் என்று கையெடுத்துக் கும்பிடுவீர்கள். எங்கள் தொழிலில் இதற்கு எவர்கிரீனிங் என்று பெயர். வராத கடனை மறைக்கப் புதுக் கடன் கொடுத்துப் பழைய கணக்கை நேர் செய்து காட்டுவது. காலாண்டு அறிக்கை பளபளக்கும். உள்ளே பள்ளம் பெரிதாகிக்கொண்டே போகும். 2015-ல் ரிசர்வ் வங்கி புத்தகங்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்ததும் என்ன வெளியே வந்தது என்று ஊருக்கே தெரியும்.

இவ்வளவும் தொட்டிக்குள் நடப்பது. நஷ்டம் உங்களோடு போகிறது என்றால் நான் இத்தனை கோபமாக எழுதமாட்டேன். என் கோபம் தொட்டிக்கு வெளியே நடப்பதைப் பற்றி.

எரித்ரோமைசின் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்காகத்தான் அந்தக் கோடு. 2016-ல் மத்திய அரசு இதற்காகவே ஒரு பிரசாரம் நடத்தியது. எரித்ரோமைசினும், நம் வீடுகளில் இருமல் என்றதும் எடுத்து முழுங்கும் அசித்ரோமைசினும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றுக்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்ட பாக்டீரியா பெரும்பாலும் மற்றதற்கும் தாக்குப்பிடிக்கும். அந்த வித்தையை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றியும் விடும். அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வேறு சாதி பாக்டீரியாவுக்கும் கொடுக்கும்.

இப்போது யோசியுங்கள். தொட்டி என்பது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கும் ஊர். அதில் அரைகுறை அளவில் ஆன்டிபயாடிக்கைக் கலந்து, சில நாள் ஊற வைத்து, பிறகு இருபது முப்பது லிட்டரை வாளியில் மொண்டு பாத்ரூம் சாக்கடையில் ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மும்பையின் கழிவு நீர் கடைசியில் அரபிக் கடலிலும் க்ரீக்குகளிலும்தான் கலக்கிறது. மருந்தையும், மருந்துக்குப் பழகிய பாக்டீரியாவையும் சேர்த்தே அனுப்பிவைக்கிறோம். எதிர்ப்பு சக்தியை வளர்க்க ஒரு பரிசோதனைக் கூடம் கட்டச் சொன்னால்கூட இதைவிட நன்றாகக் கட்ட முடியாது.

இது பூச்சாண்டி காட்டும் வேலை இல்லை. 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நேரடிக் காரணமாக இறந்திருக்கிறார்கள் என்று 2022-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே 2019-ல் இந்தியாவில் தனியார் துறை வழியாக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை என்று இன்னோர் ஆய்வு சொன்னது. அதற்கப்புறம் கொரோனா வந்து, அந்த மாத்திரையை நாம் கடலை மிட்டாய் மாதிரி தின்றதும் நினைவிருக்கும். கேரளத்தில் 2024-ல் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க ஆபரேஷன் அம்ரித் என்றே ஒன்றை ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 2023 டிசம்பரில், அனுமதி இல்லாமல் அலங்கார மீன்களுக்கு ஆன்டிபயாடிக் விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. "ஃபாரின்ல எல்லாரும் போடறாங்க சார்" என்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

இனி, என்னிடம் வழக்கமாக வரும் வாதங்களும் என் பதில்களும்.

1. "நான் போடுவது நாலே மாத்திரை. கோழிப் பண்ணையில டன் கணக்கா போடறான், அவனைக் கேளுங்க." கேட்கத்தான் வேண்டும். 2019-ல் உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு கோலிஸ்டின் கொடுப்பதை அரசு தடை செய்ததும் அப்படிக் கேட்டதால்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் வரி கட்டவில்லை என்பதற்காக நீங்கள் கட்டாமல் இருந்துவிடுவீர்களா? கோழிப் பண்ணைக்காரனாவது வயிற்றுப் பிழைப்பு என்பான். நாம் அழகுக்காக வைத்திருக்கும் தொட்டிக்கு, அதுவும் அசிங்கமாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்குப் போடுகிறோம்.

2. "சார், ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்ணிருக்கேன். காத்துட்டு இருக்க முடியாது." ஒரு லட்சம் போட்டவர்தான் காத்திருக்க வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு ஐந்து வருஷம் பொறுமையாகக் காத்திருக்கிற ஆள், மணல் வெளுக்க ஐந்து வாரம் காத்திருக்க மாட்டேன் என்றால் எப்படி? சயனோ அசிங்கம்தான், ஆனால் அவசர நோய் இல்லை. பவளத்தை மூடாமல் வாராவாரம் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தால் தொட்டி ஒன்றும் செத்துவிடாது.

3. "இது ஆன்டிபயாடிக் இல்லை சார், இறக்குமதி பவுடர்." அப்படியானால் டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? பாருங்கள். எழுதியிருந்தால் படித்து முடிவு செய்யுங்கள். எழுதவில்லை என்றால், பெயர் தெரியாத ஆள் நீட்டும் செக்கை வாங்குவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஜவ்வு செத்து அழுகும் கதையில் மாற்றமில்லை.

4. "மீனுக்கு உடம்பு சரியில்லைன்னா மருந்தே தரக் கூடாதா?" தரலாம். மீனுக்கு நிஜமாகவே பாக்டீரியா நோய் என்றால், மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டு, தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் செய்யலாம். நான் எதிர்ப்பது வைத்தியத்தை இல்லை. மணலுக்கு ஆன்டிபயாடிக் போடுவதைத்தான்.

சரி, திட்டியது போதும். என்னதான் செய்வது? என் தொட்டியிலும் நண்பர்கள் தொட்டியிலும் பலன் கொடுத்ததைச் சொல்கிறேன். செலவு குறைவு, உழைப்பு கொஞ்சம் அதிகம்.

முதலில், வந்திருப்பது சயனோதானா என்று பாருங்கள். தகடு தகடாக உரிந்து வந்தால், பகலில் அதன் மேல் காற்றுக் குமிழிகள் நின்றால், பெரும்பாலும் சயனோ. பழுப்பாகத் தூசி மாதிரி இருந்தால் டயாட்டம், புதுத் தொட்டியில் வரும், தானே போகும். பழுப்புச் சளி இழை இழையாக, முனையில் குமிழியோடு தொங்கினால் டைனோ. அதற்கு வைத்தியம் வேறு.

அடுத்து, கையால் எடுங்கள். ஒல்லியான பிளாஸ்டிக் ட்யூபைப் போட்டு வாளிக்குள் உறிஞ்சுங்கள். மருந்து போட்டுக் கொன்றால் சரக்கு உள்ளேயே கிடக்கிறது. ட்யூபால் எடுத்தால் சரக்கோடு வெளியே போகிறது. எல்லா வித்தியாசமும் இதில்தான். வாரம் இரண்டு முறை. வாயால் உறிஞ்சி ட்யூபை ஓட்டாதீர்கள். சில சயனோ வகைகளுக்கு விஷமும் உண்டு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

தண்ணீரைச் சரிபாருங்கள். இங்கேதான் நம் குடும்பங்களில் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷின் தண்ணீர் போதாது. அதில் ருசிக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் அமைப்பு பலவற்றில் உண்டு. இருபது லிட்டர் கேன் தண்ணீரும் சரிவராது. ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். மீட்டர் சில நூறு ரூபாய்தான். கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வரும் யோசனையை, தயவுசெய்து, மும்பைக் கரையில் செய்யாதீர்கள்.

வாரா வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். என் தொட்டிக்கு 20 லிட்டர், அதற்கு முக்கால் கிலோ உப்பு. தண்ணீரின் அடர்த்தி 1.025, சூடு 25, 26 டிகிரி.

தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஐஸ் தீனியை வடிகட்டியில் கழுவிப் போடுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி பொட்டலம் மடித்துக் கொடுங்கள்.

தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள். சயனோ எங்கே படர்கிறதோ அங்கே ஓட்டம் செத்திருக்கிறது என்று அர்த்தம். வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் இருபது முப்பது முறையாவது புரள வேண்டும். பல பேருக்கு இந்த ஒரு வேலையிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. இதற்குள் நிற்க வையுங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள்களைப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறக்கினால் முன்னே சொன்ன டைனோவுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறீர்கள்.

இதெல்லாம் செய்தும் பிடிவாதமாக நின்றால், நன்றாக உறிஞ்சி எடுத்துவிட்டு மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடுங்கள். ஏர் பம்பும் ஸ்கிம்மரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான்காம் நாள் திறந்ததும் தண்ணீர் மாற்றுங்கள். மென்பவளங்கள் இதைத் தாங்கும். ஆனால் காரணத்தைச் சரி செய்யாமல் இதை மட்டும் செய்தால் இதுவும் எவர்கிரீனிங்தான்.

நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு தீனி, எவ்வளவு தண்ணீர், என்ன அளவு. வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் நோட்டை அதன் கையில் கொடுங்கள். டெஸ்ட் கிட்டில் சொட்டு எண்ணுவதில் பிள்ளைகள் நம்மைவிடக் கவனம். ஒரு பிரச்சினை வந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்பதை டியூஷன் இல்லாமல் கற்றுக்கொள்வார்கள். நீங்கள் மாத்திரையைப் பொடித்துக் கொட்டினால் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கடைக்கார நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லாவில் மருந்து விற்பதில் லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொட்டி நாசமானவர்களில் முக்கால்வாசிப் பேர் புது மீன் வாங்க வருவதில்லை. தொட்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள். டி.ஐ. ரெசினும் டெஸ்ட் கிட்டும் விற்றால் அதே ஆள் பத்து வருஷம் உங்களிடம் வருவார். வியாபாரக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

நம் மக்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். அடுத்த முறை ஜவ்வு படர்ந்தால் மருந்துக்கடைக்குப் போகும் வழியில் திரும்பி வந்துவிடுங்கள். வாளியும் ட்யூபும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் எரித்ரோமைசின் பட்டையைத் தொட்டியிலும் போடாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். உங்கள் குழந்தைக்கோ, ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கோ ஒரு நாள் நிஜமாகவே அந்த மருந்து தேவைப்படலாம். அன்றைக்கு அது வேலை செய்ய வேண்டும்.

டிஸ்கி: அளவு கேட்டு இனிமேலும் போன் வரும் என்று தெரியும். பதில் மாறாது. பூஜ்யம்.